பகடை இல்லாத பயம்

ஆண்டு 1910. ஹாலி வால்நட்சத்திரத்தைப் படம்பிடிக்க ஜான் பார்க்கர் என்ற இளம் புகைப்படக்காரர் நியூ இங்கிலாந்துக் கடலோரத்து இல்ஸ்மவுத் கிராமத்துக்கு வருகிறார். 76 ஆண்டுகளுக்கு முன் இதே வால்நட்சத்திரத்துக்காக இங்கே வந்த லார்ட் போலெஸ்கினுக்குச் சித்தம் கலங்கிவிட்டது. அவர் எதைப் பார்த்தார்? அதைக் கண்டுபிடிக்கப் பார்க்கருக்கு இருப்பது மூன்றே நாள்.

பிரான்ஸின் இன்ஃபோகிராம்ஸ் நிறுவனம் 1993இல் வெளியிட்ட 'ஷேடோ ஆஃப் தி காமெட்' கணினி விளையாட்டின் கதை இது. ஊரும் ஆட்களும் கற்பனை. எச். பி. லவ்கிராஃப்ட்டின் திகில் கதைகளை வைத்து சாண்டி பீட்டர்சன் உருவாக்கி, கேயாசியம் நிறுவனம் 1981இல் வெளியிட்ட 'கால் ஆஃப் கதுலு' மேசை விளையாட்டுதான் இதற்கு ஆதாரம்.

அது நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவது. 'கீப்பர்' கதையை நடத்துவார், மற்றவர்கள் துப்பறிவார்கள். வீரத்துக்கு அங்கே பெரிய மதிப்பில்லை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மனத்தெளிவுப் புள்ளிகள் உண்டு. காணக்கூடாததைக் கண்டால் பகடையை உருட்ட வேண்டும். தவறினால் புள்ளிகள் கரையும். பூஜ்யத்தைத் தொட்டால் பாத்திரத்துக்குப் புத்தி பேதலித்துவிடும், ஆட்டக்காரரின் கையைவிட்டும் போய்விடும். உண்மையை நெருங்க நெருங்க ஆபத்தும் நெருங்கும் என்பதே அதன் சூத்திரம்.

கணினிக்கு வந்தபோது பகடையும் புள்ளிகளும் போய்விட்டன. ஊராரிடம் பேச்சுக் கொடுப்பது, பொருள் சேர்ப்பது, புதிரை அவிழ்ப்பது ஆகியவை மட்டும் மிஞ்சின. ஆனாலும் சூத்திரம் தப்பிப் பிழைத்தது. கவனிக்கத்தக்க பொருளுக்கு அருகில் பார்க்கர் போனால் அவர் கண்ணிலிருந்து அதை நோக்கி ஒரு கோடு நீளும். எதைப் பார்ப்பது என்பதுதான் இங்கே ஆட்டம். பார்த்ததற்கு விலையும் உண்டு.

தப்பிப் பிழைக்காதவர் கீப்பர். மேசையில் ஆட்டக்காரர்கள் திணறினால் நல்ல கீப்பர் வேறு வழியாக ஒரு துப்பை நுழைப்பார். எழுதிவைக்காத யோசனையையும் ஏற்றுக்கொள்வார். நிரலுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. அதற்குத் தெரிந்தது எழுதிய விடை மட்டுமே. ஓரடி பிசகினால் பார்க்கர் சாவார். பழைய சேவ் கோப்பைத் திறக்க வேண்டியதுதான். இரண்டாவது சாவிலிருந்து பயம் போய் எரிச்சல் வந்துவிடுகிறது.

கதையையும் சூழலையும் பெட்டிக்குள் அடைத்த அந்தக் காலத்து நிரலாளர்கள் கெட்டிக்காரர்கள். எதிரில் உட்கார்ந்து, நம் முகம் பார்த்துக் கதையைத் திருப்பும் மனிதரை அடைக்க மட்டும் அவர்களிடம் வழியில்லை. மேசை விளையாட்டு இன்றும் புதிய பதிப்புகளோடு ஆடப்படுவதற்கு அவரும் ஒரு காரணம்.