கடை அடைத்த பின் ஒரு பட்டப்படிப்பு

ஆண்டுதோறும் நவராத்திரியை ஒட்டிப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி திருமேனி திருவனந்தபுரத்திற்கு ஊர்வலமாக வருகிறது. உடன் வரும் வேளிமலைக் குமாரசுவாமி தங்குவது ஆரியசாலைக் கோயிலில்தான். அக்காட்சியைக் காண வருவோரும், பத்மநாபசுவாமி கோயிலுக்கும் கோவளத்திற்கும் செல்வோரும் சாலைக் கடைத்தெருவில் பொருள் வாங்காமல் போவதில்லை. இவர்களிடையே வாழ்க்கை நடத்தும் நம் வாடிக்கையாளர் சிலருக்கு, நாற்பதைக் கடந்த பின்னும் இத்துறையை முறையாகக் கற்கலாமே என்னும் எண்ணம் எழுவது இயல்பே.

மேலைநாடுகளில் பொழுதுபோக்கும் ஓய்வும் பற்றிய கல்வி ஒரு தனித்துறை. நம் நாட்டில் அப்பெயரில் பட்டம் காண்பது அரிது. அதன் ஒரு பாதி உடற்கல்வியிலும் மறுபாதி சுற்றுலாவியலிலும் அடங்கியுள்ளது. சென்னையில் 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியும், 1985இல் நம் நகரின் காரியவட்டத்தில் தோன்றிய லட்சுமிபாய் கல்லூரியும் முதல் வகையின. மைதானத்தில் நாள்தோறும் நிற்க வேண்டிய படிப்பு அது. குடும்பப் பொறுப்புள்ளவர்க்கு ஒத்துவருவது கடினம். சுற்றுலாவியலுக்கோ, 1988இல் நிறுவப்பெற்ற கிட்ஸ் நிறுவனம் அருகிலுள்ள தைக்காட்டிலேயே இருக்கிறது. ஆயினும் பகல் வகுப்புக்குச் செல்பவர் கல்லாவில் எப்போது அமர்வது?

ஆகவே தொலைநிலைக் கல்வியே பெரும்பாலோர்க்கு உகந்தது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மண்டல மையம் இந்நகரில் உண்டு. அங்கே இளங்கலைப் படிப்பைக் குறைந்தது 3 ஆண்டுகளில் முடிக்கலாம். 6 ஆண்டுகள் வரை அவகாசமும் உண்டு. அந்த அவகாசத்தைப் பெரிதாக மதிக்க வேண்டுகிறோம். அப்பல்கலைக்கழகக் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேர உழைப்பு. நான்கு கிரெடிட் கொண்ட ஒரு தாளுக்கு 120 மணி. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் நான்கு மாதம். இரவு ஒன்பதுக்குக் கடை அடைப்பவர் இக்கணக்கைப் போட்டுப் பார்த்த பின்னரே விண்ணப்பிக்க வேண்டும்.

சொந்தத் தொழிலை விரிவாக்க விரும்புவோர்க்குப் பட்டம் தேவையே இல்லாமற் போகலாம். விருந்தினர்க்கு வீட்டு அறை விடுவதற்கோ பயண முகவராவதற்கோ ஓராண்டுப் பட்டயப் படிப்பே போதிய தொடக்கம் என்பது எங்கள் கருத்து. மேற்படிப்பும் பட்டம் கோரும் பணியும் நோக்கமாயின் நிலை வேறு. எதுவாயினும், அந்நிறுவனமும் அப்படிப்பும் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பட்டியலில் உள்ளனவா என்று பணம் கட்டுமுன் பார்த்துக்கொள்க. ‘ஓராண்டில் பட்டம்’ என்று வாக்களிக்கும் முகவரிடம் முன்பணம் கொடுத்தல் கூடாது. எம்மொழியில் பாடநூல், எம்மொழியில் தேர்வு என்பதையும் கேட்டறிக. தமிழ்வழி பயின்றோர் பலர் இடறுவது இங்கேதான்.

பணம் பற்றி ஒரு சொல். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவு பிள்ளைகளின் கல்விக் கட்டணத்திற்கே சலுகை தந்தது. தந்தை தாமே படித்தால் இல்லை. தம் படிப்புக்கு வாங்கிய கல்விக்கடனின் வட்டிக்கு மட்டும், பழைய வரிமுறையில், 8 ஆண்டுகள் வரை கழிவு உண்டு. ஆனால் தொலைநிலைக் கட்டணம் பெரும்பாலும் சிறுதொகை. வரிக்கழிவுக்காகக் கடன் வாங்குவதைவிட, ஓராண்டு தொடர் வைப்பில் சேர்த்துக் கட்டுவதே சிக்கனம். வங்கியின் இதழே இவ்வாறு சொல்வது விந்தையாகத் தோன்றலாம். இருப்பினும் அதுவே சரி.

தேர்வுகள் ஜூன், டிசம்பர் மாதங்களில் நடைபெறும். குடையும் பள்ளிப் பையும் விற்போர்க்கு ஜூன் முழுதும் கடையிலேயே கழியும். அவர்கள் டிசம்பருக்கென்று தாள்களை ஒதுக்கிக்கொள்வது நலம்.