மூடச் சொன்னாங்க, மூடலையே!

கம்ப்யூட்டர் கம்பெனிகளில் எது நிலைச்சு நிற்கும்? இன்னிக்கு முதலிடத்தில் இருப்பதா? ஒரு உண்மைக் கதை கேளுங்க.

1984-ல் அமெரிக்க மாணவர் மைக்கேல் டெல், கல்லூரி விடுதி அறையில் வியாபாரம் தொடங்கினார். வழி ரொம்ப சிம்பிள். கடை வேண்டாம், ஆர்டர் வந்த பிறகே கம்ப்யூட்டரைச் செய்து நேரே அனுப்பு. சரக்கு தேங்காது, விலையும் குறையும். போட்டியாளர்கள் திணறினார்கள். காம்பேக்கை 2002-ல் எச்.பி. வாங்கியது. ஐ.பி.எம். தன் பி.சி. பிரிவை 2005-ல் லெனோவோவுக்கு விற்றது.

ஆப்பிள் நிலைமை இன்னும் மோசம். 1997-ல் மட்டும் நஷ்டம் 100 கோடி டாலருக்கு மேல்! அதை மூடிவிட்டு, பணத்தைப் பங்குதாரர்களுக்கே கொடுத்துவிடலாம் என்றார் டெல்.

ஆனா ஆப்பிள் மூடலை. தேவையில்லாத மாடல்களை நிறுத்தியது. 1998-ல் ஐமேக், 2001-ல் ஐபாட் வந்தன. 2006 ஜனவரியில் பங்குச் சந்தை மதிப்பில் டெல்லையே தாண்டியது!

காரணம் என்ன? குறைந்த விலைக்கு விற்பதை மற்றவர்களும் கத்துக்கிட்டாங்க. ஆப்பிளோ கம்ப்யூட்டரையும் அதற்குள் ஓடும் சாஃப்ட்வேரையும் தானே உருவாக்கியது. அதைக் காப்பியடிப்பது கஷ்டம். டெல்லும் அழிந்துவிடவில்லை, சர்வர், ஸ்டோரேஜ் என்று வேலையை விரித்துக்கொண்டது.

அதனால, ஒரு டெஸ்ட்ல ஃபெயிலான நண்பனைப் பார்த்து "இவன் அவ்ளோதான்"னு சொல்லிடாதீங்க. முதல் ரேங்க் வாங்குறவங்களும் அசந்துடாதீங்க!