ராஜாஜி: 80 வயதில் நேருவை எதிர்த்துக் கட்சி தொடங்கியவர் ஏன் 'குலக்கல்வி'யில் சறுக்கினார்?

புனே ஹடப்சரில் உள்ள மகர்பட்டா சிட்டியில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு அந்த வளாகத்தின் கதை ஓரளவு தெரிந்திருக்கும். 120-க்கும் மேற்பட்ட விவசாயக் குடும்பங்கள், சுமார் 400 ஏக்கர் நிலத்தை பில்டருக்கு விற்காமல் ஒன்றாகச் சேர்த்து, அவரவர் நிலத்துக்கு ஏற்ற பங்குகளோடு ஒரு நிறுவனம் தொடங்கினார்கள்.

நிலங்களை ஒன்று சேர்க்கும் யோசனை 1959-ல் ஆளுங்கட்சியிடமிருந்து வந்தது. அப்போது அதை எதிர்த்துப் பிறந்ததுதான் சுதந்திரா கட்சி. தொடங்கியவர், 80 வயது ராஜாஜி.

அதற்கு முன் அவர் யார்?

1878-ல் இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தொரப்பள்ளியில் பிறந்தவர். சேலத்தில் வக்கீல். 1930-ல் வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்துக்குத் தலைமை தாங்கினார். 1937-ல் சென்னை மாகாணப் பிரதமர், 1948-ல் கவர்னர் ஜெனரல், 1952-ல் சென்னை மாநில முதல்வர்.

கட்சி ஏன் தேவைப்பட்டது?

1959 ஜனவரியில் நாக்பூர் காங்கிரஸ் மாநாடு கூட்டுப் பண்ணை முறையை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. சொத்துரிமை விவசாயியிடமே இருக்கும் என்றுதான் அதில் சொல்லப்பட்டது. ராஜாஜி அதை நம்பவில்லை. எதை விதைப்பது, எதை விற்பது என்பதை அதிகாரிகள் முடிவு செய்யத் தொடங்கிவிடுவார்கள் என்றார்.

தொழில் தொடங்க லைசென்ஸ், இறக்குமதிக்கு பெர்மிட் என்றிருந்த நிலைக்கு 'லைசென்ஸ்-பெர்மிட் ராஜ்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். என்.ஜி.ரங்கா, மினு மசானி, கே.எம்.முன்ஷி ஆகியோர் கட்சியில் உடன் வந்தார்கள்.

எவ்வளவு தூரம் போனது?

மக்களவையில் 1962-ல் 18 இடங்கள். 1967-ல் 44 இடங்கள், அதாவது காங்கிரஸுக்கு அடுத்த பெரிய கட்சி. அதே ஆண்டு தமிழ்நாட்டில் தி.மு.க. கூட்டணியில் நின்று 20 சட்டமன்றத் தொகுதிகளைப் பிடித்தது. 1938-ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர், 1960-களில் இந்தித் திணிப்பை எதிர்த்து தி.மு.க. பக்கம் நின்றார்.

அப்படியானால் குலக்கல்வி?

இங்கேதான் சிக்கல். 1953-ல் முதல்வராக அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், கிராமப் பிள்ளைகளின் பள்ளி நேரத்தை 5 மணியிலிருந்து 3 மணியாகக் குறைத்தது. மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். பள்ளியும் ஆசிரியரும் போதாத நிலையில், இரண்டு ஷிப்ட் வைத்தால் அதிகப் பிள்ளைகள் படிக்கலாம் என்பது அவர் தரப்பு வாதம்.

ஆனால் சாதியும் தொழிலும் பின்னிக் கிடந்த ஊரில், 'அப்பா தொழிலைக் கத்துக்கோ' என்று அரசே சொன்னால் என்ன அர்த்தம்? பெரியாரும் தி.மு.க.வும் தெருவில் இறங்கினார்கள். காங்கிரஸுக்குள்ளேயே எதிர்ப்பு வலுத்தது. 1954-ல் ராஜாஜி பதவி விலக, அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார்.

விவசாயியின் முடிவில் அரசு தலையிடக் கூடாது என்று வாதாடியவர், நெசவாளியின் பிள்ளை என்ன ஆகலாம் என்பதில் அதே சுதந்திரத்தைத் தரவில்லை. சந்தையில் சுதந்திரம், சமூகத்தில் மரபு: அவருடைய கன்சர்வேட்டிவ் அரசியல் இந்த இரண்டையும் சேர்த்தே சுமந்தது.

பிறகு?

1971 தேர்தலில் கட்சி 8 இடங்களுக்குச் சுருங்கியது. 1972 டிசம்பர் 25-ல் ராஜாஜி மறைந்தார். 1974-ல் கட்சி சரண் சிங்கின் பாரதிய லோக் தளத்தில் கலந்தது. பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் முறை 1991-ல் ஒழிந்தது. ஒழித்தது காங்கிரஸ் அரசு.