படகுவண்டியின் உந்துதடுப்பும் அதன் பிணிகளும்

சுமையேற்றிய மாட்டுவண்டி குளக்கட்டின் சரிவில் இறங்கும்போது நுகம் எருதுகளை முன்னோக்கித் தள்ளுதல் வன்னி மக்கள் நன்கறிந்த காட்சியாகும். எருதுகள் நடையை அடக்கினும் சுமை அடங்குவதில்லை. இயங்கும் பொருள் தன் இயக்கத்தைத் தொடர முயலும் இப்பண்பைச் சடத்துவம் என்பர். நியூற்றன் 1687 ஆம் ஆண்டு வெளியிட்ட தம் பெருநூலில் இதனை இயக்கத்தின் முதலாம் விதியாக வகுத்தார். வண்டிக்காரன் பகையெனக் கருதும் அத்தள்ளுவிசையைத் துணையாக்கிக்கொண்ட கருவியே உந்துதடுப்பு.

முல்லைத்தீவு, நாயாறு, கொக்கிளாய் முதலிய கரைகளிற் படகை மணலின்மேல் இழுத்தேற்றுதல் வழக்கம். பழுதுபார்க்கவோ, பருவம் மாறி வேறு கரைக்குச் செல்லவோ நேரின் அது வீதிவழியே செல்லவேண்டியதாகின்றது. படகும் இயந்திரமும் ஏறிய வண்டிக்குத் தனித்தடுப்பு இல்லையெனில், அது தன்னை இழுக்கும் வண்டியையே தள்ளிக் கவிழ்த்தல் கூடும்.

இழுக்கும் வண்டி வேகந் தணியும்போது படகுவண்டி அதனை நெருக்குகின்றது. அந்நெருக்கத்தால் இரண்டையும் இணைக்கும் கொளுவி சற்றே பின்வாங்க, அதனுட் பொருந்திய தள்ளுகோல் தலைமை உருளையின் ஆடுதண்டை அழுத்தும். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்துற்ற அமுக்கம் எல்லாப் பக்கமும் குறையாது பரவும் என்பது பஸ்காலின் தத்துவம். அதன்படி அமுக்கம் குழாய்வழியே சில்லுகளை அடைந்து, தடுப்புக் கட்டைகளை டிரம்மின் உட்புறத்தோடு அழுத்துகின்றது. கொளுவி, தள்ளுகோல், தலைமை உருளை, குழாய், சில்லு என்பதே விசை செல்லும் வழி. பழுதையும் அவ்வழியே தேடல் வேண்டும்.

முதற்பிணி, தடுப்பு இயங்காமை. சமதளத்தில் மற்றச் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஒரு சில்லை ஜாக்கியால் உயர்த்தி ஒருவர் முன்னோக்கிச் சுழற்ற, மற்றொருவர் தள்ளுகோலை இரும்புக்கம்பியால் அழுத்துக. சில்லு நின்றால் பழுது கொளுவியிலேயே உளது. அதன் நழுவும் பகுதி துருவேறி இறுகியிருக்கும். கோல் எதிர்ப்பின்றி மெத்தென உட்சென்றால், எண்ணெய் ஒழுகியிருக்கும் அல்லது குழாயிற் காற்றுப் புகுந்திருக்கும். காற்று அமுங்குவதாதலின் விசையைத் தானே விழுங்கிவிடும். ஒழுக்கை நீக்கியபின், தொலைவிலுள்ள சில்லிலிருந்து தொடங்கிக் காற்றை வெளியேற்றல் வேண்டும். கோல் உறுதியாய் நின்றும் சில்லு நில்லாதாயின், கட்டைகள் தேய்ந்தோ குழாய் அடைபட்டோ இருத்தல் கூடும். தடுப்பு உதறி உதறிப் பிடிப்பின் கொளுவியிலுள்ள அதிர்வடக்கியை ஆராய்தல் தகும்.

இரண்டாவது, பிடித்த தடுப்பு விடாமை. சில்லு சுடுதல் இதன் அறிகுறி. அவசரக் கம்பி இழுபட்டிருக்கின்றதா என்பதை முதலிற் காண்க. பின்னர்ச் சில்லிலுள்ள காற்றுநீக்கும் திருகாணியைச் சிறிது திறக்க, சில்லு விடுபட்டால் அமுக்கம் குழாயில் அடைபட்டுள்ளது. விடுபடாதாயின் டிரம்மினுள்ளே கட்டைகளோ சுருள்விற்களோ துருப்பிடித்துள்ளன. அடைபட்ட அமுக்கம் தலைமை உருளையின் இணைப்பைத் தளர்த்தியதும் நீங்கினால் பழுது முன்புறத்தது. நீங்காதாயின் குழாயின் உட்புறம் வீங்கி அடைத்துளது.

மூன்றாவது, பின்செல்ல மறுத்தல். இது பெரும்பாலும் பழுதன்று. பின்னோக்கிய தள்ளலையும் கருவி தடுக்கும் கட்டளையாகவே கொள்ளும். இதன்பொருட்டுச் சிலவற்றில் ஓர் ஆணியும், சிலவற்றிற் பின்செல்கைக்குரிய விளக்கோடு இணைந்த மின்வால்வும் அமைத்துள்ளனர். ஆணியை அகற்ற மறந்து வீதியேறினால் தடுப்பே இல்லையாகும்.

இப்பிணிகளுட் பலவற்றின் மூலம் உப்புநீர். படகை இறக்கும்தோறும் சில்லுகள் கடலுள் மூழ்குகின்றன. சூடேறிய சில்லு திடீரெனக் குளிர, உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி நீரை உறிஞ்சும். ஆதலின் ஆறவிட்டு இறக்குதலும், ஏற்றியபின் நன்னீராற் கழுவுதலும் இன்றியமையாதன. பிறேக் எண்ணெயும் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. அமெரிக்கத் தரவிதியின் 3 ஆம் வகை எண்ணெய் புதிதாயின் 205 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பநிலையிற் கொதித்தல் வேண்டும். ஈரமேறிய எண்ணெய்க்கு விதித்த எல்லை 140 பாகையே. கொதித்தெழும் ஆவியும் காற்றுப்போல் அமுங்குமாதலின் தடுப்பு கைவிடும். எண்ணெயைக் காலந்தோறும் மாற்றுதல் இதனாலேயே.

காரணம் அறியாது உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றுதல் பொருளழிவு. படகே குடும்பத்தின் சீவனமாய் அமைந்த கரையில் அவ்வழிவு சிறிதன்று. தவறிய தடுப்பின் விலையோ உயிர். வகுப்பறையிற் பயிலும் சடத்துவமும் அமுக்கமும் அவ்விரண்டையும் காக்க வல்லன.