பாறையைத் தகர்க்காமல் ஒரு குடில்

நார்வேயின் வால்டால் பள்ளத்தாக்கில் ஆற்றங்கரைப் பாறைகளின் மேல் மரக்குடில்கள் நிற்கின்றன. யூவெட் நிலக்காட்சி விடுதி என்று பெயர். 'எக்ஸ் மெஷினா' படத்தில் பார்த்திருக்கலாம். அங்கே வெடி வைத்துப் பாறையைச் சமன் செய்யவில்லை. பாறையில் துளையிட்டு, 40 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுக் கம்பிகளை ஊன்றி, அவற்றின் மேல் அறைகளை அமர்த்தினார்கள்.

ஏன் இந்த மெனக்கெடல்? நிலத்தைச் சமன் செய்தால் முதலில் தடம் மாறுவது தண்ணீர். மழைநீரும் பனி உருகும் நீரும் பழைய வழியை இழந்தால் ஓரிடம் அரிக்கும், இன்னோரிடம் காயும். பாசியும் மரவேரும் அதைத் தாங்காது. கம்பிகளுக்கு இடையே நீர் தன்போக்கில் ஓடும்.

சுவர் விஷயம் இன்னும் சுவாரசியம். காட்டைப் பார்க்கப் பெரிய கண்ணாடி. ஆனால் உள்சுவரில் கறுப்பு நிறமி கலந்த எண்ணெய்ப் பூச்சு. சாதாரணக் கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் சுமார் 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். வெளியே மங்கி உள்ளே வெளிச்சம் மிகுந்தால் அந்தச் சிறு பங்கே காட்சியை மறைத்துவிடும். காட்டுக்குப் பதில் நம் முகம்தான் தெரியும். சுவர் கறுத்தால் திரும்ப வரும் ஒளியும் குறையும்.

என்றாலும் கண்ணாடியைக் கொண்டாட எனக்குத் தயக்கம் உண்டு. மரச்சுவரைவிட அது வெப்பத்தை வேகமாகக் கசியவிடும். பறவைகளும் அதில் மோதும்.