உடனிருப்போர் படி

முதுகுத் தண்டில் குண்டு பாய்ந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்த ஒருவரை, இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் படுக்கைப் புண் வரும்; புண் முற்றினால் உயிருக்கே ஆபத்து. இராணுவ மருத்துவமனையில் இருக்கும் வரை இவ்வேலையைச் செவிலியர் செய்வர். வீடு வந்த பிறகு செய்பவர் யார்? மனைவி செய்வார், தாய் செய்வார்; சில வீடுகளில் பள்ளிக்குச் செல்லும் மகன் செய்வான்.

இத்தகைய வீரருக்கு ஊன ஓய்வூதியத்துக்கு மேற்பட்டு மத்திய சர்க்கார் ஒரு படி வழங்குகிறது. இதன் ஆங்கிலப் பெயரைத் தமிழாக்க முற்படும்போது நாம் சற்றுத் தயங்குவதுண்டு. ‘பணியாள்’ என்றால் ஏவல் செய்பவரைக் குறிக்கும். ‘காவலர்’ என்றாலோ பொருளே மாறிவிடும். ‘உடனிருப்போர் படி’ என்று இங்கே வழங்குவோம்.

ஊன ஓய்வூதியத்துக்கும் இப்படிக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். ஓய்வூதியம் உடலுக்கு நேர்ந்த இழப்பை நோக்கியது. வீரர் பெற்ற ஊதியத்தையும் ஊனத்தின் சதவிகிதத்தையும் பொறுத்து அது கூடும், குறையும். உடனிருப்போர் படியோ, பிறர் கை இன்றி அன்றாட வாழ்வு நடவாத நிலையை நோக்கியது. ஆகவே சிப்பாய்க்கும் உயர் அதிகாரிக்கும் ஒரே தொகைதான். இது நியாயமான ஏற்பாடு என்பதே நம் எண்ணம். ஒருவரைக் குளிப்பாட்டுவதில் பதவிக்கேற்ற வேறுபாடு ஏது?

ஆறாவது ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி இத்தொகை மாதம் 3,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அகவிலைப்படி 50 சதவிகிதம் உயருந்தோறும் இதுவும் 25 சதவிகிதம் உயர வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. படைத் துறையில் முன்னரே இருந்த இம்முறையைப் பின்பற்றி, பணியின்போது முழு ஊனமுற்று ஓய்வு பெற்ற சிவில் ஊழியர்களுக்கும் 2008-ஆம் ஆண்டில் இப்படி விரிவாக்கப்பட்டது. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின், 2017 ஜூலை 1 முதல், 4,500 ரூபாயாக இருந்தது 6,750 ரூபாயாயிற்று. 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50 சதவிகிதத்தைத் தொட்டது. எனவே படி பெறுவோர் அதற்குப் பிந்தைய உயர்வு தம் கணக்கில் வந்துள்ளதா என்று பார்த்துக்கொள்வது நலம்.

இனி, யாருக்குக் கிடைக்கும் என்பது. ஊனம் 100 சதவிகிதம் என்று ஏற்கப்பட்டிருக்க வேண்டும். அத்துடன், இவருக்கு இடைவிடாமல் உடனிருந்து உதவ ஒருவர் தேவை என்று மருத்துவக் குழு தனியே எழுதியிருக்க வேண்டும். அத்தேவையும் ஏற்கப்பட்ட அந்த ஊனத்தினாலேயே எழுந்ததாக இருக்க வேண்டும். முதுமையினால் வந்த தளர்ச்சி இதில் சேராது.

பல குடும்பங்கள் இடறி விழுவது இரண்டாவது நிபந்தனையில்தான். 100 என்ற எண்ணைக் கண்டதும் படி தானே வந்துவிடும் என்று இருந்துவிடுகிறார்கள். எண் வேறு, பரிந்துரை வேறு. புனாவை அடுத்த கட்கியில் 1974 முதல் இயங்கிவரும் மறுவாழ்வு நிலையத்தில், கால்கள் செயலற்ற வீரர்கள் சக்கர நாற்காலியில் அமர்ந்து தம் அலுவல்களைத் தாமே கவனித்துக்கொள்ளப் பயில்கிறார்கள். 1965 யுத்தத்தில் குண்டடிபட்ட முரளிகாந்த் பேட்கர், 1972-இல் ஹைடெல்பெர்க் நகரில் நடைபெற்ற ஊனமுற்றோர் ஒலிம்பிக் நீச்சலில் தங்கப் பதக்கமே வென்றார். ஆகவே பெரிய ஊனம் உடையவர் எல்லாருக்கும் உடனிருப்பவர் தேவை என்று மருத்துவக் குழு தானாகக் கொள்வதில்லை. குழுவின் அறிக்கைப் படியைத் தேடியெடுத்து, அந்த ஒரு வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இல்லையென்றால் வழி அடைத்துப்போய்விடவில்லை. நிரந்தர ஊனத்தைப் பற்றிய மதிப்பீடு ஆயுள் முழுவதற்கும் இறுதியானது என்று 2001 பிப்ரவரி 7-ஆம் தேதிய உத்தரவு கூறுகிறது. ஆனால் வீரர் தாமே கேட்டால் மறு ஆய்வு உண்டு என்றும் அதே உத்தரவு இடம் வைத்திருக்கிறது. விடுவிக்கப்பட்டபோது கோலூன்றி நடந்தவர் பின்னர் அதே காயத்தால் படுக்கையில் விழுந்திருக்கலாம். கேட்காதவரைத் தேடி எந்தக் குழுவும் வராது. நம்மவர்களுக்கோ, ‘என் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொள்ள எனக்குக் கூலியா?’ என்ற கூச்சம் பெரிது. கூலி என்று கருத வேண்டியதில்லை. தேசம் அவ்வீட்டுக்குப் பட்ட கடனில் ஒரு சிறு பகுதி.

வீரர் மருத்துவமனையிலோ காப்பு நிலையத்திலோ தங்கியிருக்கும் நாட்களுக்கு இப்படி இல்லை. அதை மறைக்காமல் தெரிவித்துவிடுக. பின்னால் பிடித்தம் செய்யும்போது வீடுதான் தத்தளிக்கும்.

செகந்திராபாத்திலும் ஜபல்பூரிலும் குடியேறிவிட்ட தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. இது மத்திய சர்க்காரின் படி. மாநிலம் மாறினால் தொகை மாறாது. ஊருக்குப் போய்த்தான் மனுச் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. பாதுகாப்புக் கணக்குத் துறையின் ‘ஸ்பர்ஷ்’ ஓய்வூதிய முறைக்கு நாடெங்கும் சேவை நிலையங்கள் உள்ளன. ஜில்லா சைனிக் அலுவலகத்திலும் வழி கேட்கலாம்.

மனுவில் ‘மிகவும் துன்புறுகிறார்’ என்று பொதுப்பட எழுதுவதால் பயனில்லை. தாமே உண்ண முடிகிறதா, உடை மாற்ற முடிகிறதா, கழிப்பிடம் செல்ல எத்தனை பேர் தூக்க வேண்டும், இரவில் எத்தனை முறை புரட்ட வேண்டும் என்பனவற்றை ஒவ்வொன்றாக எழுதுங்கள். ஒரு வாரம் குறித்துவைத்த நோட்டுப் புத்தகம் கையில் இருந்தால், குழுவின் முன் செல்லும் நாளில் அதையும் உடன் கொண்டு செல்லுங்கள்.