மலிவான காய்கறியை வீணாக்காதீர்கள்



புத்தளம் கடலோரத்திலே, கற்பிட்டியின் மணல் தரையில், கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சி மிளகாய், சின்ன வெங்காயம், பீட்ரூட், பூசணி, கத்தரி என்று பலவும் பயிரிடுகிறார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் விளைச்சல் கூடினால் சந்தையில் விலை இறங்கும். நாமும் பை நிறைய வாங்குகிறோம். வாரக் கடைசியில் பாதி அழுகிப்போகிறது. மழை மாதத்தில் அதே காயைக் கடனுக்கு வாங்குகிறோம்.

இப்படிச் செய்து பாருங்கள். கத்தரிக்காயை நறுக்கி, உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் அரைவேக்காடாக அவித்து, வடித்து, வெயிலில் போடுங்கள். உப்பும் புத்தளத்தில் விளைவதுதான்! மூடுபனி இறங்குமுன் உள்ளே எடுத்துவிடுங்கள். 'படக்'கென்று ஒடியும்வரை மூன்று, நான்கு நாள் காய்ந்தபின் ஈரமில்லாத போத்தலில் போட்டு மூடுங்கள். பூஞ்சணம் பிடித்தால் எறிந்துவிட வேண்டும். பிரஷர் உள்ளவர்கள் வத்தலை வெந்நீரில் ஊறவைத்து, உப்பைக் கழுவிச் சமைக்கட்டும்.

பூசணியைக் காம்போடு வாங்கிக் காற்றுப்படும் இடத்தில் வைத்தால் வாரக்கணக்கில் கெடாது. வெட்டினால் சீக்கிரம் சமையுங்கள். பீட்ரூட் இலையை வீசாதீர்கள். தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டிக் கொடுங்கள், பிள்ளைகளுக்குச் சத்து.

கொழுந்து குறைந்து கை இறுகும் மாதத்தில், வீட்டில் இரண்டு போத்தல் வத்தல் இருந்தால் கடைக் கொப்பியில் கடன் ஏறாது. பிள்ளைகளும் வெறும் சம்பலோடு பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை.